இரவு வீடியோவில் கிரெயின்ஸ் வருகிறதா? ஐஎஸ்ஓவைக் குறைப்பதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

மண்டபத்திலோ கோயில் பிராகாரத்திலோ ராத்திரி எடுத்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டுப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும். கேமராவின் சின்னத் திரையில் பளிச்சென்று இருந்தது. இங்கே மாப்பிள்ளையின் தலைமுடியிலும் பின்னால் தொங்கும் மெரூன் திரையிலும் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் நெளிகின்றன. யாரிடம் காட்டினாலும் பதில் ஒன்றுதான்: "ஐஎஸ்ஓ ஏத்தி எடுத்திருப்பே, அடுத்த தடவை 800-ஐத் தாண்டாதே." இந்த அறிவுரை தொழிலில் கைமாறிக் கைமாறி வந்துகொண்டே இருக்கிறது. இதை நம்பி 800-லேயே நின்று, இருட்டாக எடுத்து, அப்புறம் எடிட்டிங்கில் தூக்கி, 3200-இல் எடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட மோசமான படத்தைக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். தாலி கட்டுவது ஒரு தடவைதான், திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அடிப்படையில், இந்தப் புள்ளிகளுக்கு, அதாவது நாய்ஸுக்குக் காரணம் ஐஎஸ்ஓ எண் இல்லை, சென்சாருக்கு (கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு) போதுமான வெளிச்சம் போகாததுதான். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சென்சார் கூடுதல் வெளிச்சத்தைப் பிடிப்பதில்லை, பிடித்த அளவைக் கேமரா பெருக்கிக் காட்டுகிறது. வெளிச்சம் துகள்துகளாக, ஒழுங்கில்லாமல் வந்து விழும் பொருள். ஒரு பிக்ஸலில் 10,000 துகள் விழுந்தால் அதன் ஏற்ற இறக்கம் வர்க்கமூலம், அதாவது 100. ஒரு சதவீதம்தான், கண்ணுக்கே தெரியாது. அதே பிக்ஸலில் 100 துகள்தான் விழுகிறது என்றால் ஏற்ற இறக்கம் 10, பத்து சதவீதம். இந்த ஃப்ரேமில் கொஞ்சம் கூட, அடுத்த ஃப்ரேமில் கொஞ்சம் குறைய, பக்கத்துப் பிக்ஸலில் வேறு மாதிரி என்று இருப்பதால்தான் புள்ளிகள் நெளிவதுபோல் தெரிகிறது. எவ்வளவு விலை கொடுத்துக் கேமரா வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. இதற்கு மேல், சென்சாரிலிருந்து சிக்னலைப் படித்தெடுக்கும் எலக்ட்ரானிக்ஸ் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது, அது கேமராவுக்குக் கேமரா மாறும். மைக்கை ஆளிடமிருந்து தள்ளி வைத்துப் பதிவு செய்துவிட்டு வால்யூமைக் கூட்டினால் பேச்சோடு சேர்ந்து இரைச்சலும் கூடுகிறதே, ஐஎஸ்ஓவும் அந்த வால்யூம் திருகு மாதிரிதான். மைக்கைக் கிட்டே கொண்டுபோவதுதான் வழி, அதாவது வெளிச்சத்தைக் கூட்டுவது. அதற்கு வழியில்லாதபோது திருகைக் கேமராவிலேயே திருப்பிவிட வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

முதலில் அது நாய்ஸ்தானா?

திரையில் எது அசிங்கமாகத் தெரிந்தாலும் கிரெயின்ஸ் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஐந்தாறு வேறு வேறு கோளாறுகள் அந்த ஒரே பேரில் உலவுகின்றன, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள்.

ஃப்ரேமுக்கு ஃப்ரேம் புள்ளிகள் இடம் மாறினால் அது உண்மையான நாய்ஸ், வெளிச்சக் குறைவால் வந்தது. ஒரே இடத்தில் சிவப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு புள்ளி அசையாமல் நின்றால், கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது திரையின் அதே மூலையில் இருந்தால், அது ஹாட் பிக்ஸல், சென்சாரில் கோளாறான ஒரு பிக்ஸல். ஐஎஸ்ஓவோடு சண்டை போட்டுப் பயனில்லை. பானாசோனிக்கில் பிக்ஸல் ரிஃப்ரெஷ், ஒலிம்பஸிலும் சோனியின் புதிய மாடல்களிலும் பிக்ஸல் மேப்பிங் என்று மெனுவில் இருக்கும், ஒரு தடவை ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். கேனன் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் லென்ஸில் மூடி போட்டுவிட்டு மேனுவல் சென்சார் கிளீனிங்கை ஆன் செய்து அரை நிமிடம் விட்டு அணைப்பது பழைய கைவைத்தியம், பலருக்குப் பலித்திருக்கிறது. சென்சார் சூடானால் இந்த மாதிரிப் புள்ளிகள் கூடும், அதனால் மே மாத வெயிலில் கேமராவை ஸ்டாண்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

அகலமான இருட்டுப் பட்டைகள் மேலிருந்து கீழாக மெதுவாக உருண்டு போனால் அது நாய்ஸ் இல்லை, லைட்டின் ஃப்ளிக்கர். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லா இடத்திலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுங்கும். கேமராவை என்டிஎஸ்சியில் (60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான வீடியோ முறை) வைத்து விநாடிக்கு 30 ஃப்ரேமில், 1/60 ஷட்டரில் (ஒரு ஃப்ரேமுக்கு சென்சார் வெளிச்சம் வாங்கும் நேரம்) எடுத்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை ஓடும். 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான பால் (PAL) முறைக்கு மாற்றி 25 ஃப்ரேம், 1/50 வைத்தால் முக்கால்வாசி இடத்தில் பிரச்சினை முடிந்தது. கேமராவில் பால் வழி இல்லையென்றால் 30 ஃப்ரேமிலேயே ஷட்டரை மட்டும் 1/50 ஆக்குங்கள், அதுவும் போதும். மேடையில் இருக்கும் எல்இடி வால் (பெரிய எல்இடி திரை), மலிவான டிம்மரில் ஓடும் எல்இடி பார் லைட் இவை மட்டும் 50 ஹெர்ட்ஸ் கணக்குக்குக் கட்டுப்படாது. அதற்கு ஷட்டரை 1/50.3, 1/51 என்று நுணுக்கமாக நகர்த்தும் வசதி சில கேமராக்களில் இருக்கிறது, பட்டை நிற்கும் வரை நகர்த்திப் பாருங்கள்.

நிழல் பகுதி கட்டம் கட்டமாக உடைந்து சதுரங்கள் தெரிந்தால் அது கம்ப்ரஷன். நாய்ஸ் இருக்கும் படத்தைச் சுருக்குவது கோடெக்குக்கு (வீடியோவைச் சுருக்கும் முறை) கஷ்டம், ஒவ்வொரு ஃப்ரேமும் முற்றிலும் புதிது என்று அதற்குத் தோன்றும். பிட்ரேட் (விநாடிக்குப் பதியும் டேட்டாவின் அளவு) பத்தாமல் நிழலைத் தூக்கிப் போட்டுவிடும். கேமராவில் இருக்கும் அதிகபட்ச பிட்ரேட்டை எடுங்கள், 10 பிட் (8 பிட்டைவிட நிறத்துக்குக் கூடுதல் படிகள்) இருந்தால் அதையே எடுங்கள். மெமரி கார்டு இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

நிலையான கோடுகள், துணி நெய்தது மாதிரி குறுக்கும் நெடுக்குமாக, இருட்டில் மட்டும் தெரிந்தால் அது சென்சாரின் பேட்டர்ன் நாய்ஸ். பழைய கேமராக்களில் நிழலைத் தூக்கினால் வரும். இதுதான் இருப்பதிலேயே மோசம், ஏனென்றால் நாய்ஸ் ரிடக்ஷன் மென்பொருளால் இதைச் சரியாக எடுப்பது கஷ்டம், நிழலை இருட்டாகவே விட்டுவிடுவதுதான் வழி.

மூடி போட்டு ஒரு சோதனை

கேமரா எதுவாக இருந்தாலும் இதை ஒரு தடவை உட்கார்ந்து செய்துவிடுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. மேனுவல் மோட், 25 ஃப்ரேம், 1/50, லென்ஸில் மூடி. கேமராவில் இருக்கும் ஒவ்வொரு ஐஎஸ்ஓவிலும், 100-லிருந்து 12800 வரை, நடுவில் இருக்கும் 125, 160, 250, 320 எதையும் விடாமல், ஐந்தைந்து விநாடி எடுங்கள். எல்லாவற்றையும் வரிசையாக டைம்லைனில் வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் காமாவை (நடுத்தர வெளிச்ச அளவு) நன்றாகத் தூக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஐஎஸ்ஓ ஏற ஏறப் புள்ளிகளும் சீராக ஏறும் என்றுதான் எதிர்பார்ப்போம். பல கேமராக்களில் அப்படி இருக்காது.

2010 வாக்கில் வந்த கேனன் 550டி, 60டி, அதற்கு முன் வந்த 5டி மார்க் 2, 7டி போன்றவை செகண்ட் ஹேண்டில் இன்றும் கைமாறுகின்றன. அவற்றில் 160, 320, 640, 1250 என்ற எண்கள் பக்கத்து எண்களைவிடச் சுத்தமாக இருக்கும். காரணம், அந்தக் கேமராக்கள் 160 கேட்டால் 200-இல் எடுத்து மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தில் இரண்டு மடங்கு) கீழே இறக்கிக் கொடுக்கும், 125 கேட்டால் 100-இல் எடுத்து மேலே தூக்கிக் கொடுக்கும். இறக்கினால் நாய்ஸும் இறங்கும், தூக்கினால் ஏறும். இறக்கியதற்கு விலையாக வெளிச்சப் பகுதியில் மூன்றில் ஒரு ஸ்டாப் இடம் போகும், பரவாயில்லை.

புதிய கேமராக்களில் இன்னொரு ஆச்சரியம் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஐஎஸ்ஓவைத் தாண்டியதும் நாய்ஸ் திடீரென்று குறையும். டூயல் நேட்டிவ் ஐஎஸ்ஓ, டூயல் பேஸ் ஐஎஸ்ஓ என்கிறார்களே, அதுதான். சென்சாரிலேயே இரண்டு வகைப் பெருக்கி இருக்கிறது. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கேவில் இவை 400-உம் 3200-உம், கேமரா 1000 வரை முதல் பெருக்கியில் ஓடும், 1250-இல் இரண்டாவதற்குத் தாவும். அதனால் அதில் 1000-ஐவிட 1250 சுத்தம். பானாசோனிக் ஜிஎச்5எஸ்-இல் 400, 2500. எஸ்5-இல் வி-லாக் (எடிட்டிங்கில் வண்ணம் சேர்ப்பதற்காக வெளிறிய மாதிரி பதியும் லாக் ப்ரொஃபைல்) போட்டால் 640, 4000. சோனி எஃப்எக்ஸ்30-இல் எஸ்-லாக்3 போட்டால் 800, 2500. எஃப்எக்ஸ்3-இல் 800, 12800. எஃப்எக்ஸ்3 கையில் இருப்பவர் 12800 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து 6400-இல் நின்றால், அந்தக் கேமராவின் மோசமான இடத்தில் போய் நிற்கிறார் என்று அர்த்தம். உங்கள் கேமராவில் அந்தத் தாவல் எங்கே இருக்கிறது என்பதை மூடிச் சோதனை காட்டிவிடும். ஒரு எச்சரிக்கை: சில கேமராக்கள் உள்ளுக்குள்ளேயே நாய்ஸைத் தேய்த்துவிடுவதால் வெறும் கறுப்பு ஃப்ரேம் உண்மையைவிட அழகாகத் தெரியலாம். அதனால் இரண்டாவது சோதனையும் வேண்டும்.

சாயங்காலம் ஒரே ஒரு பல்பு எரியும் அறையில் ஒருவரை உட்கார வையுங்கள். பக்கத்தில் ஒரு கறுப்புத் துணி, ஒரு ஜரிகை வைத்த பட்டுத் துணி. அபெர்ச்சரும் (லென்ஸின் திறப்பு) ஷட்டரும் மாறாமல் ஒரு தடவை ஐஎஸ்ஓ 800, ஒரு தடவை 3200. முதலாவது இருட்டாக இருக்கும். எடிட்டிங்கில் அதை இரண்டு ஸ்டாப் தூக்கி 3200-க்குச் சமமாக்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்சாருக்குப் போன வெளிச்சம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் 800-இல் எடுத்ததில் கன்னத்தின் நிழல் பக்கம் பச்சையும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும், கறுப்புத் துணியின் மடிப்புகள் காணாமல் போயிருக்கும், ஜரிகையின் நெசவு ஒரே குழம்பாக இருக்கும். 8 பிட்டில் நிழலுக்கு இருக்கும் படிகள் கொஞ்சம்தான், அதையும் கோடெக் நசுக்கிவிட்டது, அப்புறம் தூக்கினால் அந்த நசுங்கலும் சேர்ந்து பெரிதாகிறது. 3200-இல் புள்ளிகள் இருக்கும், ஆனால் பொடியாக, சீராக இருக்கும், முகம் முகமாக இருக்கும். ரா (RAW, சென்சார் தரவைக் கேமரா பதப்படுத்தாமல் பதியும் முறை) வடிவில் எடுக்கும் கேமராக்களில் இந்த வித்தியாசம் அவ்வளவு இருக்காது என்பது உண்மை. நம்மில் பெரும்பாலானவர்கள் ரா வடிவில் எடுப்பதில்லை.

வெளிச்சம் எங்கே ஒழுகிப் போகிறது?

சரி, ஐஎஸ்ஓவைத் தொடுவதற்கு முன் சென்சாருக்குப் போகும் வெளிச்சத்தை ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். முதல் சந்தேகம் எப்போதும் லென்ஸ்தான். கேமராவோடு வரும் 18-55 லென்ஸில் 18-இல் எஃப்3.5 இருக்கும், ஜூம் செய்து 55-க்குப் போனால் தானாகவே எஃப்5.6 ஆகிவிடும். வெளிச்சம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்துவிடுகிறது, பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்தால் ஜூம் செய்யச் செய்யக் கேமரா ஓசைப்படாமல் அதை ஏற்றிக்கொண்டே போகும். அதே 55-க்குப் பதிலாக ஒரு 50 மி.மீ. எஃப்1.8 போட்டால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த காட்சியை 640-இல் எடுக்கலாம். நாய்ஸுக்காகக் கேமராவை மாற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் இந்த லென்ஸை வாங்கச் சொல்வேன், எல்லா கம்பெனியிலும் இருப்பதிலேயே விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று இது. ஃபோகஸ் ஆழம் குறையும், அது மட்டும் கவனம்.

அடுத்தது ஷட்டர். ஸ்டில் எடுத்த பழக்கத்தில் 1/125, 1/200 என்று வைத்துவிட்டு வீடியோவுக்கு மாறுவது சர்வசாதாரணம். 25 ஃப்ரேமுக்கு 1/50 போதும். 1/200-இல் இருந்தால் இரண்டு ஸ்டாப், அதாவது நாலில் மூன்று பங்கு வெளிச்சம் வீண். ஸ்லோமோஷனும் இதே கதைதான்: 100 ஃப்ரேமில் 1/200 வேண்டும், அதோடு பல கேமராக்கள் அந்த வேகத்தில் சென்சாரின் எல்லா வரிகளையும் படிக்காமல் தாண்டித் தாண்டிப் படிக்கும், நாய்ஸ் இன்னும் கூடும். மணமக்கள் நுழையும் காட்சியை ஸ்லோமோஷனில் எடுக்கக் கேட்டால், வாசலில் லைட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாறாக, ஆட்கள் அசையாத காட்சிகள், கோலம், அலங்காரம், இரவில் ஒளிரும் கோபுரம் இவற்றுக்கு 1/25 வைத்தால் ஒரு ஸ்டாப் இலவசமாகக் கிடைக்கும்.

என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. பகலில் வெளியே எடுப்பதற்கு மாட்டியதைக் கழற்றாமல் மண்டபத்துக்குள் நுழைவது நடக்கிற காரியம். வேரியபிள் என்டி முழுக்கத் திறந்திருந்தாலும் ஒன்றிரண்டு ஸ்டாப் குடிக்கும்.

கிராப்பையும் (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவது) பாருங்கள். கேனன் எம்50-இல் 4கே போட்டால் படம் இன்னும் 1.6 மடங்கு நெருங்கிவிடும், அதாவது சென்சாரில் ஏறத்தாழ 40 சதவீதப் பரப்புதான் வேலை செய்கிறது, நாய்ஸ் அந்த அளவுக்குப் பெரிதாகத் தெரியும். டிஜிட்டல் ஜூம், எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் இரண்டும் இதே வகை. இருட்டில் இவற்றை அணைத்துவிடுங்கள்.

கடைசியாக லைட். லைட்டுக்கும் ஆளுக்கும் இருக்கும் தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. மூன்று மீட்டரில் நிற்கும் எல்இடி லைட்டை ஒன்றரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் ஐஎஸ்ஓ 3200 என்பது 800 ஆகிவிடும், பைசா செலவில்லை. பேட்டி, யூடியூப் வீடியோ எடுப்பவர்கள் இதைச் செய்தாலே போதும், இந்தக் கட்டுரையில் மீதி எதுவும் தேவைப்படாது. கல்யாணத்தில் முடியாது, ஹோம குண்டத்துக்குப் பக்கத்தில் சாஃப்ட்பாக்ஸைக் கொண்டுபோனால் ஐயர் எழுந்துவிடுவார்.

மஞ்சள் லைட்டும் நீல நாய்ஸும்

இது அதிகம் பேசப்படாத விஷயம். பழைய மண்டபங்களிலும் கோயில் உள்பிராகாரங்களிலும் லைட் நல்ல மஞ்சளாக, 3000 கெல்வின் சுற்றி இருக்கும். அந்த வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் அமைப்பு) சரியாக வைத்ததும் கேமரா என்ன செய்கிறது? பட்டினியாகக் கிடக்கும் நீல சேனலைத் தனியாகப் பிடித்துத் தூக்குகிறது. மொத்தப் படம் ஐஎஸ்ஓ 1600 என்றால் நீலம் மட்டும் அதைவிடப் பல மடங்கு ஏற்றப்பட்டிருக்கும். எடிட்டிங்கில் நீல சேனலை மட்டும் தனியாகக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள், பச்சை சேனல் கண்ணாடி மாதிரி இருக்கும், நீலம் மணலாக இருக்கும். கறுப்பு முடியில் தெரிகிற நீலப் புள்ளிகள் இங்கிருந்துதான் வருகின்றன.

இதற்கு இரண்டு வழி. நீங்கள் கொண்டுபோகும் லைட்டைப் பகல் வெளிச்ச நிறத்துக்குக் கொஞ்சம் நெருக்கமாக, 4000-4500 கெல்வினில் வையுங்கள், முகத்தில் நீலம் கிடைக்கும், பின்னணி மஞ்சளாகவே இருக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். லைட்டே இல்லையென்றால் ஒயிட் பேலன்ஸை முழுக்க வெள்ளையாக்க முயலாதீர்கள். விளக்கொளி விளக்கொளியாகவே கொஞ்சம் மஞ்சளாக இருக்கட்டும். நிறமும் இயல்பாக இருக்கும், நாய்ஸும் குறையும்.

மெனுவில் ஒளிந்திருப்பவை

நிழலைத் தானாகத் தூக்கும் வசதி ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு பேரில் இருக்கிறது: கேனனில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், சோனியில் டிஆர்ஓ. நிழலைத் தூக்கினால் நிழலில் இருக்கும் நாய்ஸும் எழுந்து வரும், ராத்திரிக்கு அணைத்துவிடுங்கள். கேனனில் ஹைலைட் டோன் பிரையாரிட்டி ஆன் ஆகியிருந்தால் ஐஎஸ்ஓ 200-க்குக் கீழே போகாது, திரையில் டி+ என்று தெரியும், அதையும் அணையுங்கள். ஷார்ப்னெஸ் கூட வைத்திருந்தால் ஒவ்வொரு புள்ளியையும் கேமரா விளிம்பு என்று நினைத்துக் கூர்மையாக்கும், அதைக் குறைப்பது உடனே பலன் தெரியும் மாற்றம். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் என்று ஒன்று இருக்கும், அது ஸ்டில்லுக்கு மட்டும், வீடியோவுக்கு அதை ஆன் செய்து ஒன்றும் ஆகாது.

ஆட்டோ ஐஎஸ்ஓ கல்யாண வேலையில் தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளை வேட்டி ஃப்ரேமுக்குள் வந்தால் இறக்கும், கறுப்புக் கோட் வந்தால் ஏற்றும், ஒரே ஷாட்டுக்குள் நாய்ஸ் அலையடிக்கும். மேடை நிலையாக இருக்கும் வரை மேனுவலில் பூட்டிவிடுங்கள். நடந்துகொண்டே எடுக்கும்போது மட்டும் ஆட்டோ, அதிலும் மேல் வரம்பை உங்கள் சோதனையில் நீங்கள் ஏற்றுக்கொண்ட எண்ணில் வையுங்கள்.

லாக் பற்றி என் கருத்து இது: 8 பிட் கேமராவில், சோனி ஏ6400, இசட்வி-இ10 மாதிரி, ராத்திரி நிகழ்ச்சிக்கு எஸ்-லாக்3 வேண்டவே வேண்டாம். அதில் ஐஎஸ்ஓ 500-க்குக் கீழே போகாது என்பதைப் பார்த்து, லாக்கில் ஐஎஸ்ஓ அதிகம், அதனால் நாய்ஸ் என்கிறார்கள். எண் காரணம் இல்லை. லாக் வெளிச்சப் பகுதியைக் காப்பாற்றுவதற்காகப் படத்தை இருட்டாக எடுக்க வைக்கும், வண்ணம் சேர்க்கும்போது நிழல்தான் அந்த விலையைக் கொடுக்கும். சாதாரண ப்ரொஃபைல் அல்லது சோனியின் சினி4 ப்ரொஃபைல் போதும். 10 பிட்டில் லாக் எடுத்தே ஆக வேண்டும் என்றால், மீட்டர் சொல்வதைவிட ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுங்கள், எடிட்டிங்கில் இறக்குங்கள். மூடிச் சோதனையில் 160 சுத்தமாக இருந்ததற்கு என்ன காரணமோ அதேதான் இங்கும்.

திரையை நம்பாதீர்கள்

இருட்டில் கேமராத் திரை எப்போதும் பளிச்சென்றுதான் தெரியும். அதைப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறைப்பதுதான் பல நாய்ஸ் புகார்களின் ஆரம்பம். ஹிஸ்டோகிராம் (இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) அல்லது ஜீப்ராவை (நாம் வைத்த வெளிச்ச அளவைத் தொடும் இடத்தில் கோடு காட்டும் வசதி) பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான வழிகாட்டிகள் முகத்துக்கு ஜீப்ரா 70 என்கின்றன, அது வெளுத்த தோலுக்கான கணக்கு. மாநிற முகத்தில் வெளிச்சம் படும் பக்கம் 50-லிருந்து 60-க்குள் இருந்தால் நன்றாக இருக்கும், நல்ல கறுப்பு நிறத்துக்கு இன்னும் சற்றுக் கீழே. இன்னொரு ஜீப்ராவை 100-இல் வைத்துக்கொண்டு எதை வெளுக்க விடலாம் என்று முடிவு செய்யுங்கள். பின்னால் இருக்கும் சீரியல் லைட்டும் ஃபோகஸ் லைட்டும் வெளுத்தால் வெளுக்கட்டும். அவற்றைக் காப்பாற்றப் போய் முகத்தை இருட்டாக்கினால், அந்த முகத்தைத் தூக்கும்போதுதான் எல்லா அவஸ்தையும் ஆரம்பிக்கிறது.

எடுத்தாயிற்று, இனி என்ன செய்வது?

டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் நாய்ஸ் ரிடக்ஷன் கிடையாது, காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில் இருக்கிறது. பிரீமியரில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நீட் வீடியோ பிளக்இன் போடுகிறார்கள். எதுவானாலும் வண்ணத்தைத் தொடுவதற்கு முன், முதல் நோடில் (ரிசால்வில் திருத்தங்கள் வரிசையாக நடக்கும் படிகளில் ஒன்று) நாய்ஸை எடுங்கள். கான்ட்ராஸ்ட் கூட்டிய பிறகு எடுத்தால் புள்ளிகள் ஏற்கெனவே கூர்மையாகிவிட்டிருக்கும்.

ரிசால்வில் டெம்போரலை முதலில் தொடங்குங்கள். அது முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களை ஒப்பிட்டு, இடம் மாறுவதை மட்டும் நாய்ஸ் என்று எடுக்கும். இரண்டு ஃப்ரேம், மோஷன் எஸ்டிமேஷன் பெட்டர், த்ரெஷோல்டை 5-லிருந்து மெல்ல ஏற்றுங்கள். லூமாவையும் (வெளிச்சம்) குரோமாவையும் (வண்ணம்) இணைத்திருக்கும் பூட்டைக் கழற்றி, குரோமாவை அதிகமாகவும் லூமாவைக் குறைவாகவும் வையுங்கள். வண்ணப் புள்ளிகள்தான் கண்ணை உறுத்துபவை. வண்ணத்தில் நுணுக்கம் போனால் கண் கண்டுகொள்ளாது, வெளிச்சத்தில் போனால் முகம் மெழுகாகிவிடும். ஒரே ஃப்ரேமுக்குள் பக்கத்துப் பிக்ஸல்களைக் கலந்து மென்மையாக்கும் ஸ்பேஷியலைக் கடைசியாக, அதுவும் கொஞ்சமாக. ஜரிகையும் புருவமும் முதலில் அழிவது அதில்தான். நீட் வீடியோவில் ப்ரொஃபைல் எடுக்கும்போது எந்த வடிவமும் இல்லாத சமமான இடமாகப் பாருங்கள், ஃபோகஸ் இல்லாத சுவர் நல்லது. ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் தனித்தனி ப்ரொஃபைல் எடுங்கள்.

எடுத்தபின் இரண்டு இடத்தை உற்றுப் பாருங்கள். ஒன்று, வேகமாக அசையும் கை, அட்சதை தூவும்போது விரல்களுக்குப் பின்னால் நிழல் மாதிரி இழுபட்டால் த்ரெஷோல்ட் அதிகம். இரண்டு, ஹோமப் புகை. மென்பொருளுக்குப் புகையும் நாய்ஸும் ஒன்றாகத்தான் தெரியும். புகை திட்டுத் திட்டாக நின்று நின்று நகர்ந்தால் அந்த ஷாட்டுக்கு டெம்போரலைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். நாய்ஸை முழுக்கத் துடைத்த பிறகு சுவரில் வண்ணப் படிகள் வரிவரியாகத் தெரிந்தால் அது 8 பிட்டின் குறை, இவ்வளவு நேரம் நாய்ஸ் அதை மறைத்துக்கொண்டிருந்தது. மிகப் பொடியான கிரெயினைக் கடைசி நோடில் சேர்த்தால் வரிகள் கரைந்துவிடும்.

200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாடிக்கையாளர் டிவியிலும் போனிலும்தான் பார்க்கப் போகிறார். கொஞ்சம் பொடிப் புள்ளி இருந்தால் யாரும் குறை சொல்வதில்லை, மெழுகு முகத்தைத்தான் சொல்வார்கள். யூடியூபில் போடுவதாக இருந்தால் 1080-இல் எடுத்திருந்தாலும் 4கேவாக எக்ஸ்போர்ட் செய்து ஏற்றுங்கள், அங்கே 4கேவுக்குக் கொடுக்கும் பிட்ரேட் அதிகம், நிழல்கள் கட்டம் கட்டமாக உடைவது குறையும். ஏற்றிய உடனே பார்த்துவிட்டுப் பதறவும் வேண்டாம். 4கே பதிப்பு தயாராகக் கொஞ்ச நேரம் ஆகும், அது வரை தெரிவது தரம் குறைந்த பதிப்பு.